பயன்பாட்டில் உள்ளது

ஆகஸ்ட் 3, திங்கள்

சட்டமன்ற மனுக்கள் குழு வருகிறதாம். இருபதாம் தேதி. கலெக்டர் ஆபீசிலிருந்து போன் வந்ததும் தாசில்தார் திருஞானம் நாற்காலியை விட்டு எழுந்து நின்றுகொண்டு பேசினார். எதிர்முனையில் இருப்பவருக்கு இவர் நிற்பது தெரியாது என்று பலமுறை சொல்லிவிட்டேன். கேட்கமாட்டார்.

எனக்கு இது புதிதல்ல. வேம்பாக்குடி தாலுகா ஆபீசில் துணை தாசில்தார் நான். வருகிற பெரிய மனிதர்களுக்கு மாலை, சால்வை, இளநீர், கார் நிறுத்த நிழல் எல்லாம் என் பொறுப்பு. குழு வேலை செய்யும் விதம் சுலபமானது. ஜனங்கள் முன்கூட்டியே மனு போடுவார்கள். அதில் பொதுப் பிரச்சினையாக இருப்பதைப் பொறுக்கி எங்களுக்கு அனுப்புவார்கள். நாங்கள் பதில் எழுத வேண்டும். பிறகு எம்.எல்.ஏ.க்கள் நேரில் வந்து, மனு போட்டவரையும் எங்களையும் எதிரெதிரே நிறுத்திக் கேட்பார்கள். அதற்குள் குறையைத் தீர்க்க வேண்டும், இல்லாவிட்டால் குறையே இல்லை என்று எழுத வேண்டும். இரண்டாவதில் எங்களுக்குப் பயிற்சி அதிகம்.

தமயந்திக்கு மறுபடியும் காய்ச்சல். இந்த வருஷத்தில் எத்தனையாவது தடவையோ. மாத்திரை வாங்கிக் கொடுத்தேன்.

ஆகஸ்ட் 5, புதன்

எங்கள் தாலுகாவுக்கு மூன்று மனுக்கள். முதலாவது, மயானத்துக்குப் பாதை கேட்டு. இரண்டாவது, ரேஷன் கடைக் கூரை. இவை இரண்டும் வருஷா வருஷம் வருபவை, பழகிய முகங்கள்.

மூன்றாவதைப் படித்தபோது டீ ஆறிப்போனது.

தாலுகா ஆபீஸ் வளாகத்தில் வேப்பமரத்துக்குப் பின்னால் ஒரு மகளிர் கழிப்பறை இருக்கிறது. 2019-இல் கட்டியது. வெள்ளை டைல்ஸ், கண்ணாடி, வாஷ்பேசின். கட்டி முடித்த வாரமே ஒரு பெண் உயரதிகாரி வந்து, உள்ளே போய்விட்டு வந்து, "ரொம்ப நீட்டா வெச்சிருக்கீங்க" என்று எல்லார் முன்னாலும் சொன்னார். அந்த நீட்டைக் காப்பாற்ற அன்றைக்கே பூட்டினோம். முக்கியஸ்தர்கள் வந்தால் திறப்போம். சாவி என்னிடம். இந்த மாவட்டத்திலேயே கறை படாத அரசுக் கழிப்பறை இதுதான் என்று யாரிடமும் அடித்துச் சொல்வேன்.

அதைப் பொதுமக்களுக்குத் திறந்துவிடக் கோரி மனு. பட்டாவுக்கும் பென்ஷனுக்கும் வரிசையில் நிற்கிற பெண்கள், வளாகத்தில் கடை வைத்திருப்பவர்கள் என்று பதினோரு கையெழுத்து. முதல் கையெழுத்து: சு. தமயந்தி, இ-சேவை மைய ஆபரேட்டர். முகவரி: 14, பழைய கச்சேரித் தெரு.

அதே முகவரியில்தான் நானும் குடியிருக்கிறேன்.

சாயந்திரம் வீட்டுக்குப் போய்க் கேட்டேன்.

"என்ன தமயந்தி இது?"

"மனு."

"தெரியுது. வீட்டுல ஒரு வார்த்தை சொல்லக் கூடாதா?"

"சொன்னதுக்கெல்லாம் பதில் வரல. அதான் மேல்முறையீடு பண்ணிருக்கேன்" என்று சொல்லிவிட்டு வெங்காயம் உரிக்கப் போய்விட்டாள்.

ஆகஸ்ட் 6, வியாழன்

காலையில் இன்னொரு தோசை கேட்டேன். "தங்கள் கோரிக்கை பரிசீலனையில் உள்ளது" என்றாள். இருபத்தாறு வருஷ சர்வீஸ் எனக்கு. இந்த வாக்கியம் இவ்வளவு எரிச்சலூட்டும் என்று இதுவரை தெரியாது.

ஆகஸ்ட் 7, வெள்ளி

தாசில்தார் கூப்பிட்டுக் கதவைச் சாத்தினார்.

"வைத்தி, இது தனிப்பட்ட குறைன்னு சொல்லித் தள்ள முடியாதா? தனிப்பட்ட குறைன்னா குழு எடுக்காது."

"பதினோரு பேர் கையெழுத்து போட்டிருக்காங்க சார்."

"கோர்ட்டுல கேஸ் இருந்தா எடுக்கமாட்டாங்க, இல்ல?"

"எடுக்கமாட்டாங்க."

கொஞ்ச நேரம் மின்விசிறியைப் பார்த்தார். "யாராவது அந்த கக்கூஸ் மேல ஒரு கேஸ் போட்டா நல்லாருக்கும். இடம் என்னோடதுன்னு யாராவது..."

வேடிக்கைக்குச் சொல்கிறாரோ என்று முகத்தைப் பார்த்தேன். மனுஷன் நிஜமாகவே ஆள் யோசித்துக்கொண்டிருந்தார். யாரும் அகப்படவில்லை. கடைசியில் என்னைப் பார்த்தார்.

"உங்க வீட்டு அம்மாதானே? வீட்டுலயே முடிச்சிருங்க."

ஆபீசில் வேலை செய்யும் பெண்களுக்கு உள்ளே ஒரு கழிப்பறை இருக்கிறது. வெளியாட்களை விடுவதில்லை. வளாகத்திலேயே இருக்கும் இ-சேவை மையத்தில் தமயந்தி ஒப்பந்த ஊழியர், விதிப்படி வெளியாள். அந்த விதிக்குச் சுற்றறிக்கை எழுதியது யார் என்று தாசில்தார் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை.

ஆகஸ்ட் 10, திங்கள்

மனுவைத் திரும்பப் பெறும் கடிதத்தை ஆபீசிலேயே தயாரித்து எடுத்துப் போனேன். 'எனது கோரிக்கை முழுமையாக நிறைவேற்றப்பட்டுவிட்டதால்' என்று ஆரம்பிக்கும். இந்தக் கடிதத்தில் என் கை தேர்ந்தது. கட்டாத பாலத்துக்குக்கூட நன்றி தெரிவிக்க வைத்திருக்கிறேன்.

தமயந்தி கண்ணாடி போட்டுக்கொண்டு முழுசாகப் படித்தாள்.

"நல்லா எழுதிருக்கீங்க. சாவிய குடுங்க, கையெழுத்து போடறேன்."

"குழு வந்துட்டுப் போகட்டும். அதுவரைக்கும் சுத்தமா இருக்கணும். அப்புறம் பாத்துக்கலாம்."

"போன வருஷம் மந்திரி வந்துட்டுப் போகட்டும்னீங்க. அதுக்கு முந்தி ஜமாபந்தி முடியட்டும்னீங்க." கடிதத்தை நாலாக மடித்து என் சட்டைப் பையில் வைத்தாள். "அதுல மூத்திரம் போற விஐபி யாருன்னு எனக்கு ஒரு நாள் காட்டுங்க. சும்மா பாக்கணும்."

இருபத்து மூன்று வருஷக் குடித்தனத்தில் அவள் இப்படிப் பேசிக் கேட்டதில்லை. எனக்குக் கோபம் வந்திருக்க வேண்டும். என்ன காரணமோ, சிரிப்புதான் வந்தது. அதைக் காட்டிக்கொள்ளவில்லை.

ஆகஸ்ட் 11, செவ்வாய்

காய்ச்சல் இறங்கவில்லை. ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனேன். டாக்டர் சின்ன வயசுப் பெண், வாயில் வார்த்தை வேகமாக வருகிறது. சிறுநீரில் கிருமித் தொற்று, அதுவும் திரும்பத் திரும்ப வருகிறது என்றார்.

"வேலை நேரத்துல தண்ணி குடிப்பீங்களாம்மா?"

"காலைல கெளம்பறப்ப ஒரு டம்ளர். அப்புறம் வீட்டுக்கு வந்துதான்."

"ஏன்? அங்க பாத்ரூம் இல்லையா?"

"இருக்கு டாக்டர். நல்ல பாத்ரூம்" என்று சொல்லிவிட்டு என்னைப் பார்த்தாள். டாக்டரும் பார்த்தார். நான் மருந்துச் சீட்டை வாங்கிக்கொண்டு மருந்துக் கடை வரிசையில் நிற்கப் போய்விட்டேன்.

திரும்பி வரும் வழியில் கேஸ் சிலிண்டர் புக் பண்ணினேன். செருப்பு தைக்கக் கொடுத்தேன்.

ஆகஸ்ட் 12, புதன்

மனுக்களுக்குப் பதில் இன்று போக வேண்டும். மூன்றாவதற்கு நான்தான் எழுதினேன். தாசில்தார் எழுதினால் நாலு பக்கம் போகும், மாட்டிக்கொள்வார்.

'மேற்படி மகளிர் கழிப்பறை 2019-ஆம் ஆண்டு முதல் பொதுமக்களின் பயன்பாட்டில் உள்ளது. தினசரி தூய்மை செய்யப்பட்டு வருகிறது.'

சுருக்கமாக, கச்சிதமாக வந்திருக்கிறது. தாசில்தார் "பிரமாதம்யா" என்று சொல்லிக் கையெழுத்துப் போட்டார். தபால் மூன்று மணிக்குப் போனது.

ஆகஸ்ட் 13, வியாழன்

ஆபீசில் இருந்தபோது பக்கத்து வீட்டிலிருந்து போன். ஓடினேன். தமயந்தி இரண்டு போர்வைக்குள் உதறிக்கொண்டு கிடந்தாள். முதுகைத் தொடவிடவில்லை. ஆட்டோவில் போகும்போது என் கையைப் பிடித்த பிடியில் மோதிரம் அழுந்தி விரலில் தடம் விழுந்துவிட்டது.

தொற்று கிட்னி வரைக்கும் ஏறிவிட்டதாம். அட்மிட் பண்ணிவிட்டார்கள். "இன்னும் ரெண்டு நாள் விட்டிருந்தீங்கன்னா ரத்தத்துல கலந்திருக்கும்" என்றார் அந்த டாக்டர். இனிமேல் இது வரவே கூடாது, ஒவ்வொரு தடவையும் கிட்னி கொஞ்சம் கொஞ்சமாகக் கெடும் என்றும் சொன்னார். எல்லாவற்றையும் என்னிடமே சொன்னார், பக்கத்தில் நர்ஸ் இருந்தும்.

பயந்துபோய்விட்டேன். அதை வேறு விதமாக எழுதத் தெரியவில்லை.

ஆகஸ்ட் 14, வெள்ளி

லீவு போட்டேன். காய்ச்சல் இறங்கியிருக்கிறது. நர்ஸ் ஒரு ஜக் தண்ணீர் வைத்து, அடிக்கடி குடிக்கக் கொடுக்கச் சொன்னார். கொடுத்தேன். மடக்மடக்கென்று குடித்தாள். வார்டை ஒட்டியே பாத்ரூம். சலைன் பாட்டிலைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு கூடப் போய், கதவுக்கு வெளியே நின்றேன். திரும்பி வந்து படுத்தவள் ரொம்பத் திருப்தியாகச் சொன்னாள்:

"இங்க நல்லாருக்குங்க. நெனச்சப்ப போலாம்."

அரசு ஆஸ்பத்திரி வார்டு அது. பல்லி ஓடுகிறது, கட்டிலுக்கு ஒரு கால் குட்டை. அதைப் போய் ஒரு மனுஷி நல்லாருக்கு என்கிறாள்.

நான் ஆரஞ்சு உரித்துக்கொடுத்தேன்.

ஆகஸ்ட் 15, சனி

கொடியேற்றம். தாசில்தார் சுதந்திரம் பற்றி அரை மணி நேரம் பேசினார். மிட்டாய் பற்றாக்குறை.

ஆகஸ்ட் 17, திங்கள்

நேற்று வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். ஒரு வாரம் ஓய்வு என்று டாக்டர் சொல்லியிருக்கிறார். இருபதாம் தேதி வளாகத்துக்கு வந்தே தீருவேன் என்கிறாள். மனுதாரர் வராவிட்டால் மனு தள்ளுபடி ஆகிவிடும் என்று எங்கோ விசாரித்து வைத்திருக்கிறாள்.

"அவங்க வரலேன்னா நமக்கு நிம்மதி" என்றார் தாசில்தார். "ஒரு வாரம் ரெஸ்ட்டுதானே? நல்லா எடுக்கட்டும். நீங்க எடுத்துச் சொல்லுங்க."

சரி சார் என்றேன். வீட்டில் எதுவும் சொல்லவில்லை. மறந்துவிட்டது.

ஆகஸ்ட் 18, செவ்வாய்

கழிப்பறைக்கு வெள்ளையடித்தாயிற்று. வெளியே 'மகளிர்' என்று புதுப் பலகை. வேலை முடிந்ததும் பூட்டச் சொல்லி தாசில்தாரின் கட்டளை. குழு வரும்வரை ஈ காக்கை நுழையக் கூடாதாம். பூட்டினேன்.

பென்ஷன் விசாரிக்க வந்த ஒரு அம்மாள் பலகையைப் பார்த்து ஆசையாக வந்தார். பூட்டைப் பார்த்தார். என்னையும் பார்த்தார். பிறகு மதிலுக்குப் பின்பக்கம் நடந்தார். ஏழு வருஷமாக இது நடந்துகொண்டுதான் இருக்கிறது. இன்றைக்கு என்னவோ அவர் போவதையே பார்த்துக்கொண்டு நின்றேன்.

ஆகஸ்ட் 19, புதன்

வாங்கியவை: சோப்பு, ஃபினாயில், புது வாளி, மக், கைத்துண்டு, ஊதுபத்தி, குழுவுக்கு சால்வைகள், சிவப்பு ரிப்பன். கத்தரிக்கோலும் பித்தளைத் தட்டும் ஆபீசிலேயே இருக்கின்றன.

தாசில்தார் நாள் முழுக்கக் கலெக்டர் ஆபீசில் ஆய்வுக் கூட்டத்தில். சில்லறை விஷயங்களுக்கு அவரைத் தொந்தரவு செய்ய வேண்டாம் என்று எதையும் கேட்கவில்லை.

ஆபீஸ் உதவியாளர் லூர்துசாமி ரிப்பனைக் கையில் வைத்துக்கொண்டு தயங்கினார்.

"சார், இது பழைய கட்டடமாச்சே? ரிப்பன் எதுக்கு?"

"பெரிய மனுஷங்க வராங்க லூர்து. வாசல்ல ரிப்பன் இல்லாம எப்படி? நாளைக்கு அவங்க கார் திரும்புற சத்தம் கேட்டதும் கட்டுங்க. அதுக்கு முன்னாடி வேணாம், வெயில்ல வெளுத்துரும்."

நல்ல துணிதான். வெளுக்காது. இருந்தாலும் ஜாக்கிரதையாக இருப்பது நல்லது.

ஆகஸ்ட் 20, வியாழன்

நடந்ததை நடந்தபடி எழுதிவைக்கிறேன். பின்னால் உபயோகப்படும்.

குழு மதியத்துக்குக் கொஞ்சம் முன்னால் வந்தது. ஒன்பது கார். தலைவர் பெரிய உடம்பு, பெரிய மீசை, பார்க்கிற எல்லாரையும் "நல்லாருக்கீங்களா" என்று கேட்கிறார். கூட வந்த உறுப்பினர்களில் ஒரு அம்மா ஒல்லியாக, கண்ணாடியைத் தலைமேல் ஏற்றிவைத்துக்கொண்டு, கையில் எங்கள் பதில்களின் கட்டோடு இருந்தார். மயானப் பாதைக்கும் ரேஷன் கடைக்கும் ஷாமியானாவிலேயே விசாரணை முடிந்தது. மூன்றாவது இடம் பக்கத்திலேயே இருப்பதால் நேரில் பார்த்துவிடலாம் என்றார் தலைவர். எல்லாரும் வேப்பமரத்தைச் சுற்றிப் போனோம்.

வாசலுக்குக் குறுக்கே சிவப்பு ரிப்பன். லூர்துசாமி பித்தளைத் தட்டில் கத்தரிக்கோலோடு விறைப்பாக நிற்கிறார்.

தாசில்தாரின் முகம் வெளிறியதைப் பார்த்தேன். அவர் என்னை நோக்கி ஏதோ கையைக் காட்டினார். எனக்குப் புரியவில்லை. தலைவருக்கு ரிப்பனைப் பார்த்தாலே கை தானாக நீளும் போலிருக்கிறது. நடை நிற்காமலே கத்தரிக்கோலை எடுத்து, வெட்டி, போட்டோவுக்குச் சிரித்துவிட்டார். வருவாய் ஆய்வாளர்கள் கைதட்டினார்கள். வேறு யாரோ வழக்கம்போல "வாழ்க" என்றுகூடச் சொல்லிவிட்டார்கள்.

கைதட்டல் ஓய்ந்ததும் அந்த அம்மா கண்ணாடியை மூக்குக்கு இறக்கினார்.

"தலைவரே, ஒரு நிமிஷம். இந்தக் கழிப்பறை ரெண்டாயிரத்துப் பத்தொன்பதுலேர்ந்து பொதுமக்கள் பயன்பாட்டுல இருக்குன்னு பதில் குடுத்திருக்காங்க. அப்ப நீங்க இப்ப எதத் தெறந்து வெச்சீங்க?"

தலைவர் கையிலிருந்த கத்தரிக்கோலைப் பார்த்தார். பிறகு தாசில்தாரைப் பார்த்தார்.

"புதுப்பிச்சு... மறுதிறப்புங்கய்யா" என்றார் தாசில்தார்.

"பதில்ல புதுப்பிச்சதுன்னு இல்லையே" என்றார் அந்த அம்மா. "தாழ்ப்பாள்ல பூட்டு தொங்குது. இதுக்குச் சாவி யாருகிட்ட இருந்துச்சு? மனுதாரர் வந்திருக்காங்களா?"

கூட்டத்தின் ஓரத்திலிருந்து தமயந்தி வந்தாள். நடக்கும்போது ஒரு கை இடுப்பில் இருந்தது.

"வந்திருக்கேங்கம்மா. சாவி துணை தாசில்தார்கிட்ட இருந்துச்சு. பேரு வைத்தியலிங்கம்."

"அவர் வந்திருக்காரா?"

"இதோ நிக்கறாருங்க. எங்க வீட்டுக்காரர்."

ஒரு சிரிப்பு எழுந்தது. தலைவருக்குத்தான் சிரிப்பு அடங்கவே நேரமாயிற்று. "ஏம்மா, இத வீட்டுலயே கேட்டிருக்கலாமே?"

"கேட்டேங்க. ஏழு வருஷமா கேட்டேன்."

யாரும் சிரிக்கவில்லை. தமயந்தி மேலே சொன்னாள். காலையில் தண்ணீர் குடிக்காமல் வருவது, வெயில் காலத்தில் தலை சுற்றுவது, மாதத்தில் அந்த மூன்று நாளும் லீவு போடுவது, லீவுக்குக் கூலி பிடிப்பது. வரிசையில் நிற்கிற வயசானவர்கள் மதிலுக்குப் பின்னால் போவதை, அங்கே ஆண்கள் பீடி பிடித்துக்கொண்டு நிற்பதைச் சொன்னாள். போன வாரம் கிட்னிக்கு வந்ததைச் சொன்னாள். மாதத்தில் மூன்று நாள் அவள் லீவு போடுவதற்குக் காரணம் தலைவலி என்று நான் நினைத்துக்கொண்டிருந்தேன். என்னிடம் அப்படித்தான் சொல்லியிருந்தாள், அல்லது நான் அதற்குமேல் கேட்கவில்லை.

"துணை தாசில்தார், இவங்க சொல்றது உண்மையா?" என்று கேட்டார் தலைவர்.

தாசில்தார் என் பின்னால் நின்று முதுகில் விரலால் குத்தினார். பதிலாக நான் சொல்லக்கூடிய வாக்கியங்கள் என் வாயில் வரிசையாக நின்றன. எல்லாமே நான் எழுதியவைதான், நன்றாக எழுதியவை.

"உண்மைங்கய்யா" என்றேன்.

வெளிப்பூட்டும் தாழ்ப்பாளும் இன்றைக்கே கழற்றப்பட வேண்டும், உள்தாழ்ப்பாள் மட்டும் போதும், தண்ணீரும் துப்புரவும் நடப்பதாக ஒரு மாதத்தில் குழுவுக்கு அறிக்கை வர வேண்டும், தவறான பதில் தந்ததற்கு விளக்கம் வர வேண்டும் என்று தலைவர் சொல்லச் சொல்ல அவர்களோடு வந்த செயலக ஆள் எழுதிக்கொண்டார். அந்த அம்மா எங்களை எல்லாம் ஒரு சுற்றுப் பார்த்தார்.

"ஆம்பளைங்க கொஞ்சம் அந்தப் பக்கம் போறீங்களா? கேமராவையும் எடுத்துக்கிட்டு."

போனோம்.

ஆகஸ்ட் 21, வெள்ளி

மெமோ வந்துவிட்டது. 'ஏற்கெனவே பயன்பாட்டில் உள்ள கட்டடத்துக்குத் திறப்பு விழா ஏற்பாடு செய்து அலுவலகத்துக்கு அவப்பெயர் உண்டாக்கியது ஏன்?' பயன்பாட்டில் இல்லை என்று ஊரே பார்த்த பிறகும் மெமோவில் பயன்பாட்டில்தான் உள்ளது. தாசில்தாருக்கும் இதேபோல் ஒன்று கலெக்டரிடமிருந்து வந்திருக்கிறது. லூர்துசாமிக்குத் தர வைத்திருந்ததை, ரிப்பன் கட்டச் சொன்னது நான்தான் என்று எழுதிக்கொடுத்து நிறுத்திவிட்டேன்.

தாசில்தார் என்னோடு பேசவில்லை. போனுக்கு மட்டும் எழுந்து நிற்கிறார்.

சாயந்திரம் தமயந்தி காபி கொடுத்துவிட்டு எதிரே உட்கார்ந்தாள்.

"ரிப்பன் உங்க வேலையா?"

"பழக்கதோஷம். வாசல்னா ரிப்பன், கை தானா வாங்கிருச்சு."

"எத்தன விழாவுக்கு ரிப்பன் கட்டிருப்பீங்க. ஒண்ணுகூடத் தப்பா கட்டினதில்லையே நீங்க."

"வயசாயிருச்சுல்ல."

அவள் என்னை ரொம்ப நேரம் பார்த்துக்கொண்டிருந்தாள். நான் காபியில் சர்க்கரை குறைச்சல் என்றேன். எழுந்துபோய்ப் போட்டுக்கொண்டு வந்தாள். பரிசீலனை எதுவும் இல்லை.

ஆகஸ்ட் 26, புதன்

மலையடிவாரத் தாலுகாவுக்கு என்னை மாற்றப்போவதாகப் பேச்சு. போட்டால் போகட்டும். வாரக் கடைசியில் பஸ்ஸில் வந்துவிடலாம்.

தமயந்தி திங்கட்கிழமை வேலைக்குத் திரும்பிவிட்டாள். மெமோவுக்கு விளக்கம் டைப் அடிக்க இன்று நான் இ-சேவை மையத்துக்கே போனேன். ஆபீசில் அடித்தால் ஊர் முழுக்கப் படிக்கும். கவுண்டரில் கூட்டம். புருஷன் என்று முன்னால் விடவில்லை, வரிசையில் வரச் சொன்னாள். நின்றேன். என் முறை வந்ததும் எழுதிவைத்திருந்ததைக் கொடுத்தேன். வேகமாக அடித்துக்கொண்டே வந்தவள் ஒரு இடத்தில் நிறுத்தினாள்.

"'வழக்கத்தின் காரணமாக நேர்ந்த தவறு'ன்னு எழுதிருக்கீங்க. தவறுன்னு போடணுமா?"

"போடு. அப்பதான் ஃபைலை மூடுவாங்க."

"எனக்கு அடிக்கப் பிடிக்கல."

"சம்பள உயர்வை நிறுத்திருவாங்க தமயந்தி."

யோசித்தாள். அடித்தாள். பிறகு கீபோர்டை நகர்த்திவிட்டு, கம்ப்யூட்டரை அப்படியே விட்டுவிட்டு எழுந்தாள். "இருங்க, வந்துடறேன்" என்று பொதுவாகச் சொல்லிவிட்டு, கவுண்டர் பக்கக் கதவைத் திறந்துகொண்டு வெளியே போனாள். வெயிலில் வளாகத்தைக் குறுக்காகக் கடந்து, அவசரமில்லாமல், வேப்பமரத்தைச் சுற்றிப் போனாள்.

எனக்குப் பின்னால் நின்ற ஆள் கடிகாரத்தைப் பார்த்தார். வருமானச் சான்றிதழுக்கு வந்தவர், கையில் கத்தை கத்தையாக ஜெராக்ஸ்.

"என்னங்க இது? வேலை நேரத்துல பாதியில எந்திரிச்சு எங்க போகுது அந்தம்மா?"

"வருவாங்க" என்றேன். "இருங்கய்யா. ஒரு அஞ்சு நிமிஷம் இருந்தா கொறஞ்சா போயிருவீங்க?"

சத்தம் கொஞ்சம் அதிகமாகிவிட்டது. வரிசையே என்னைத் திரும்பிப் பார்த்தது. பிறகு எல்லாரும் அவள் வரும்வரை நின்றோம்.